நைனாவுக்குப் பொறுப்பேற்றவள்

நாய்க்குப் பயந்தவன் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் பதினோரு வருஷம் பார்த்தேன். ஆடு, மாடு, கோழி எது வந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வேன். நாய் வந்தால் மட்டும் பதிவேட்டில் எனக்கு அவசரமாக ஏதாவது எழுத வேண்டியிருக்கும். எங்கள் டாக்டரம்மாவுக்கு இது தெரியும். பெரிய மனசு பண்ணிக் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த அக்கா முதல் தடவை வந்த அன்றைக்குப் பேனாவைத் திறக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மருந்தகம் திருப்பாலைவனம் தாண்டி ஏரிக்குப் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு நாய். நல்ல கறுப்பு, கன்றுக்குட்டிக் கனம், கண்ணுக்கு மேலே பழுப்பில் இரண்டு பொட்டு. ராட்வீலர் ஜாதி என்று டாக்டரம்மா உள்ளேயிருந்தே சொன்னார். அதன் பின்னால் ஒல்லியாக, முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்துபோன ஒரு பெண் இறங்கினாள். ஆட்டுக்காரர்கள் ஆட்டைத் தூக்கிக்கொண்டு திண்டின் மேல் ஏறிவிட்டார்கள். நானும் ஏறியிருப்பேன், இடமில்லை.

“ஒண்ணும் பண்ணாது. நான் கீறன் இல்ல” என்றாள். நான்தான் இருக்கிறேனே என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவளுடைய பெயரைப் பதிவேட்டில் நானேதான் எழுதினேன். ஆனால் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் கையால் இறால் பிடிக்கிறவள். அந்த வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முழங்காலளவுத் தண்ணீரில் பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் பட்டதைப் பட்ட நொடியிலேயே பிடித்து, ஓலையால் முடைந்த பறியில் போட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம், வாயைத் திறக்க முடியாது.

நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டேன். “நைனா” என்றாள். திண்டின் மேல் நின்ற ஒரு பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்கப்பன நான் நைனான்னு கூப்புடறன். நாயிக்கு வெக்கிற பேரா இது?”

“உங்க நைனா உன்ன அடிச்சிக்கீறாரா?”

“பின்ன? தோலு உரியும்.”

“இது இன்னும் ஒருத்தரையும் அடிக்கல. தாராளமா வெக்கலாம்.”

ஊசி போடும்போது யார் பிடித்துக்கொள்வது என்று டாக்டரம்மா சும்மா ஒரு பேச்சுக்கு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் இழுத்து, அதன் தாடைமேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. நாய் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

அந்த நாய் அவளிடம் வந்த கதையை ஆட்டோக்காரன் சொன்னான். வெளியூர்க்காரர் ஒருவர் குப்பத்துக்கு வடக்கே இறால் பண்ணை எடுத்து, காவலுக்கு இதை வைத்திருந்தார். நோய் வந்து குட்டை குட்டையாக இறால் செத்தது. ஒரே நாளில் மோட்டார், தகரம், கட்டில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாயை ஏற்றவில்லை. கம்பத்தில் கட்டிக் கிடந்து அது குரைத்ததைக் கேட்டு ஊரே பயந்து அந்தப் பக்கம் போகாமல் இருந்தது. அக்கா மூன்று நாள் தூர நின்று மீனைத் தூக்கிப் போட்டாள். நாலாம் நாள் கிட்டே போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள்.

பொறுப்பேற்றுக்கொள்வது அவளுக்கு ஒரு வியாதி. ஊரில் யாரையாவது நாலு பேர் சேர்ந்து வேண்டாம் என்றால் போதும், ஐந்தாவது ஆளாகப் போய் நிற்பாள். வலை திருடியதாக ஜெயிலுக்குப் போய்வந்த ஒருத்தனை எந்தப் படகிலும் ஏற்றவில்லை. “ஏத்திக்க. நான் கீறன் இல்ல” என்று படகுக்காரரிடம் சொன்னாள். அவன் இன்று வரைக்கும் ஒழுங்காகத் தொழிலுக்குப் போகிறான். அவள் வார்த்தை பலித்தது என்று இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

பலிக்காததும் உண்டு. தங்கச்சி மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான். குடிகாரக் குடும்பம், வேண்டாம் என்று தங்கச்சி தயங்கினாள். குடும்பம் எப்படியிருந்தால் என்ன, பையன் அப்படியில்லை, நான் இருக்கிறேன் என்று சொல்லி இவள்தான் முடித்துவைத்தாள். மூன்றே மாதத்தில் அவன் அந்தப் பெண்ணின் கையை ஒடித்தான். அக்கா அன்றைக்கே போய்ப் பெண்ணைக் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். “தப்பாப் பூட்ச்சி தம்பி. அவ இனிமே எங்கூடத்தான்” என்று என்னிடம் சொன்னாள். வருத்தப்பட்டு ஒரு மூலையில் உட்காருகிற ஆளில்லை. தப்பானதையும் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. கொஞ்சம் எரிச்சலும் உண்டு. யாரையும் நம்பாமல் இருப்பதில் உள்ள சௌகரியத்தை நான் அனுபவித்து வருகிறவன். அதை அவள் கெடுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருஷம்தான் எல்லோருடைய போனிலும் நாய்க்கடி வீடியோவாக வந்துகொண்டிருந்தது. பார்க்கில் விளையாடின குழந்தையைக் கடித்தது, வளர்த்தவரையே கடித்தது என்று தினமும் ஒன்று. சில ஜாதி நாய்களை வளர்க்கவே கூடாதாம் என்று ஒரு பட்டியல் வந்தது. அது செல்லாது என்று இன்னொரு தகவல் வந்தது. நாங்கள் தடுப்பூசி போடக் குப்பத்துக்குப் போனபோது டீக்கடையில் இதே பேச்சுதான். ஒருத்தன் அக்காவின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டினான்.

“பாருக்கா. இத்தோட தாடை புடிச்சா வுடாதாம். பொறவியிலேர்ந்தே அப்படியாம். கடிக்கறதுக்குன்னே பொறந்த ஜாதி.”

அக்கா வீடியோவை முழுசாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நானுந்தான் பொழுதன்னிக்கும் பல்லுல கடிச்சிக்கினு கெடக்கறன். அஞ்சு மணி நேரம் வுடறது இல்ல. என்ன கட்டிப் போட்டியா நீ?”

கடையே சிரித்தது. அவளோடு எப்போதும் பக்கத்திலேயே தண்ணீரில் இறங்குகிற சிநேகிதி ஒருத்தி இருந்தாள். சிறு வயதிலிருந்து கூட்டாளிகள். அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், டீ சிந்துகிற அளவுக்கு.

சிரித்தார்களே தவிர பயம் போகவில்லை. அக்கா வேலைக்குப் போனபின் நாய் வாசலில் படுத்திருந்தால் தெருவில் நடக்க முடியவில்லை என்றார்கள். கட்டிப் போடு என்றார்கள். ஏற்கெனவே கட்டிக் கிடந்து சாகப் பார்த்த பிராணி, இனி கட்ட மாட்டேன் என்றாள். அப்படியானால் கூடவே கூட்டிக்கொண்டு போ என்றார்கள். அவளும் கூட்டிக்கொண்டு போனாள். ஏரியில் பெண்களின் வரிசைக்கு ஓரத்தில், வயிறு வரைக்கும் தண்ணீரில் அந்த நாய் நிற்பதை நானே பாலத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா மருந்தகத்துக்குள் வந்தாள். புடவையெல்லாம் ஈரம். கூட நாய் இல்லை.

“நைனாவுக்கு ஊசி போட்ட சீட்டு குடு தம்பி. ஆசுபத்திரில கேக்கறாங்க.”

“என்னக்கா ஆச்சு?”

“அவள கட்ச்சிட்ச்சி.”

அவள் என்றால் அந்தச் சிநேகிதி. நடந்தது இவ்வளவுதான். நாய் வரிசைக்குள் நகர்ந்து வந்திருக்கிறது. சிநேகிதி அதற்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே தடவிக்கொண்டு வந்திருக்கிறாள். கலங்கின தண்ணீர். விரலில் ஏதோ பட்டது. பட்ட நொடியில் பிடிப்பதுதானே பழக்கம், கெட்டியாகப் பிடித்துவிட்டாள். அது நாயின் பின்னங்கால். நாய் திரும்பி முழங்கைக்குக் கீழே கவ்வியது. அவள் கத்தவில்லை. வாயில் பறிக்கயிறு. வலியில் பல் இன்னும் இறுகிவிட்டது, வாயைத் திறக்கவே வரவில்லை. சத்தமில்லாததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் அக்கா பாய்ந்திருக்கிறாள். நாய் உடனே விடவில்லை. இரண்டு கையையும் வாய்க்குள் விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

எலும்பு முறிந்து, நரம்பு அறுந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள், வெறிநோய் வராமலிருக்கவும் ஊசி போட்டார்கள். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். சேற்றுக்குள் இறாலைத் தொட்டுப் பிடிக்கிறவளுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம்?

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை பின்னுகிற கொட்டகையில் ஊர் கூடியது. தடுப்பூசிப் பதிவேட்டோடு யாராவது வர வேண்டும் என்றார்கள். டாக்டரம்மாவுக்கு வேறு இடத்தில் முகாம், என்னை அனுப்பினார். போவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன், இந்த ஜாதி உண்மையிலேயே ஆபத்தானதுதானா என்று.

“காலைப் பிடிச்சா எந்த நாயும் கடிக்கும்” என்றார். “தெருநாய்னா ஒரு கடி கடிச்சுட்டு ஓடிரும், நாலு தையலோட போயிருக்கும். இதுக்கு இருக்கற பலம் வேற. குணம் கெட்டதுன்னு சொல்ல முடியாது, பலம் இல்லைன்னும் சொல்ல முடியாது. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களே இதுல அடிச்சுக்கறாங்க. உள்ளதைச் சொல்லிட்டு வாங்க.”

கொட்டகையில் இரண்டு பக்கமும் பேசினார்கள். பிறவிக்குணம் என்று ஒரு பக்கம். காலைப் பிடித்தால் கோழிகூடக் கொத்தும் என்று இன்னொரு பக்கம். சிநேகிதி கையைத் துணிக்கட்டில் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டார்கள்.

“அது மேல தப்பு இல்ல. நான்தான் புட்ச்சன்” என்றாள். பிறகு, “ஆனா அத்த என்னால இனிமே பாக்க முடியாது. நாயி கொலைக்கற சத்தம் கேட்டாலே எனக்கு ஒண்ணுக்கு வந்துடுது” என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஊர்ப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க மருந்துக்காரு. எவ்ளோ நாயி பாத்துக்கீறீங்க. நீங்களே சொல்லுங்க. இந்த ஜாதி பொறவியிலயே இப்படியா, இல்ல வளக்கறதுனாலயா?”

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். இருநூறு கண் என்னைப் பார்த்தது. “ரெண்டும்தான்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வளவுதான் என் சாட்சி. பிறவி என்றவர்கள் பாதியை எடுத்துக்கொண்டார்கள், வளர்ப்பு என்றவர்கள் மீதியை. அந்த நாய் தொலைந்தால் எனக்கும் நிம்மதி என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. அதனால்தான் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு, தெரிந்ததைச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாளைக்குள் நாய் ஊரை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அக்காவோடு யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்று தீர்த்தார்கள். சேற்றில் கால் மாட்டினால் தூக்கிவிட ஆள் வேண்டும், அந்த ஏரியில் ஒற்றையாக யாரும் இறங்குவதில்லை. இறங்கவில்லை என்றால் அவளுக்கும் தங்கச்சி மகளுக்கும் சோறில்லை. தீர்ப்புச் சொன்ன பெரியவர் கீழே பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்று நாளும் நான் அவளோடு அலைந்தேன். செய்த காரியத்துக்கு அதுவாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பண்ணைக்காரர் போன் எடுக்கவில்லை. நாய்க் காப்பகங்களில் கேட்டோம், இந்த ஜாதி என்றதும் இடமில்லை என்றார்கள். ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று அக்காவே ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். நல்லா இருக்கிற பிராணியைக் கொல்ல எனக்கு உரிமை இல்லைம்மா என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். எல்லோரும் சரியாகவே பேசினார்கள். கடைசியில் மீஞ்சூர்ப் பக்கம் காயலான் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் இரும்புக் கிடங்குக்குக் காவல்நாய் வேண்டும் என்று ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை காலையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று பிடித்தோம். பின்னால் அக்காவும் நாயும் நானும். முதன்முதலாக அந்த நாய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அக்காவின் இடது கை அதன் கழுத்தில் இருந்தது. அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கேட்டேன்.

“உனக்கு இதுகிட்ட ஒரு நாள்கூட பயம் வந்ததே இல்லியாக்கா?”

“மொத நாள்லேர்ந்து பயம்தான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராவுல கதவ தாப்பா போட்டுக்கினுதான் படுப்பன். சோறு வெக்கசொல்ல அது வாயவே பாத்துக்கினு இருப்பன். தண்ணியில எறங்கனா இந்தக் கைய கழுத்துலேர்ந்து எடுக்க மாட்டன். ஒரு கையிலதான் எறா தடவுவன். மத்தவங்களுக்குப் பறி ரொம்பிடும், எனக்கு அரைதான். சோம்பேறின்னுவாங்க. சொல்லிக்கட்டும்னு வுட்டுடுவன்.”

“அப்புறம் ஏங்கா எல்லார்கிட்டயும் ஒண்ணும் பண்ணாதுன்ன?”

“நான் கீறன்னுதான சொன்னன். அது நல்லதுன்னா சொன்னன்? நான் பாத்துக்கினு கீறன், நீங்க பயப்புடாதீங்கன்னு சொன்னன்.”

ரயில் போயிற்று. கேட்டைத் தூக்கினார்கள். வண்டி நகர்ந்த பிறகு அவளாகவே பேசினாள்.

“அன்னிக்கி எறா நல்லா கெடச்சிது தம்பி. கைய வெக்கிற எடமெல்லாம் எறா. தங்கச்சி பொண்ணுக்கு ஒரு பொடவ எடுக்கலாம்னு நெனச்சன். ரெண்டு கையும் போட்டுட்டன். ஒரு நாளு. அந்த ஒரு நாளு பயப்பட மறந்துட்டன்.”

கொட்டகையில் இதை நீ சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்க நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பயமாயிருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள் என்றுதான் ஆகியிருக்கும்.

கிடங்குக்காரர் வெள்ளைச் சட்டையில் கேட்டருகிலேயே காத்திருந்தார். நாயைச் சுற்றிவந்து பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“கடிக்குமா?”

“கடிக்கும்” என்றாள் அக்கா.

“அதான் வோணும்” என்றார். “கடிக்காத நாயி எனக்கெதுக்கு?”

கட்டிப் போடுவீர்களா என்று அக்கா கேட்டாள். கட்டாமல் விட்டால் லோடு ஏற்றுகிறவன் எப்படி உள்ளே வருவான் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“சார், ஒண்ணு சொல்றன் கேளு” என்றாள். “இத்துக்கிட்ட பயந்துக்கினே இரு. ஒரு நாளுகூட வுட்டுடாத.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் பொறந்ததுலேர்ந்து நாயிங்களோட கீறவன்மா. எனக்கின்னா பயம்?”

சங்கிலியை வாங்கிக்கொண்டார். கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தார். நாய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தரம் பலமாக இழுத்ததும் எழுந்து அவர் பின்னால் நடந்தது.

“கையில சுத்தாத சார்” என்று அக்கா சொன்னாள். “சுத்தனா ஒதற முடியாது.”

அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. நாய் வந்துவிட்டதென்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டே இரும்புக் குவியல்களுக்கு நடுவே போனார். அக்கா கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அதையே சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நீயாவது சொல்லு தம்பி. நீ சொன்னா கேப்பாரு” என்றாள்.

நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாம்.